ஃபைலிலை சிலோன் எண்டு இருந்த மனிசி

கனடாவுக்கு வந்த முதல் ரெண்டு வருசமும் தெரியாது எண்ட சொல்லை நான் வாயிலை எடுத்ததே இல்லை. இந்த வேலை தெரியுமோ எண்டு கேட்டால் ஓம். பாரம் தூக்குவியோ எண்டால் ஓம். ஞாயிற்றுக்கிழமை வருவியோ எண்டால் அதுக்கும் ஓம். எங்கடை சனம் முக்கால்வாசியும் அப்பிடித்தான் இருந்தது. தெரியாது எண்டால் பின்னுக்கு நிக்கிற ஆளைக் கூப்பிட்டு விடுவாங்கள். அதாலை முதல்லை தலையை ஆட்டுறது, பிறகு ஓடி ஓடிப் பழகிறது. பாத்திரம் கழுவுற மெசினுக்கு அது சரிவரும். மனிசருக்குச் சரிவராது எண்டு எனக்குப் படிப்பிச்சது ஒரு கிழவி.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி. ரொறன்ரோவிலை மல்வேர்ன் பக்கம் ஒரு ரவுண்ஹவுசின்ரை கீழ் அறையிலை நானும் மனிசனும் இருந்தம். அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரேல்லை. வோபர்ன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்திலை எனக்கு வேலை. ஆக்களைக் கழுவித் துடைச்சு, உடுப்பு மாத்தி, சாப்பாடு தீத்திவிட வேணும். முதல் மூண்டு மாசம் பாத்திட்டுத்தான் நிரந்தரமாக்குவினம். அதுக்குள்ளை ஒரு பிழை விட்டால் இல்லத்திலையிருந்து குடிவரவுக் கந்தோருக்குக் கடிதம் போகும், இவ பொய்க்காரி எண்டு என்ரை கேஸிலை எழுதுவாங்கள், கொண்டுபோய்க் கொழும்பிலை இறக்கி விடுவாங்கள் எண்டு நான் உறுதியா நம்பினன். அப்பிடி ஒரு சட்டமும் இல்லை. ஆனால் பயந்தவளுக்குச் சட்டம் எங்கை விளங்கிறது.

ஒரு நாள் காலமை சூப்பவைசர் மனிசி என்னைக் கூப்பிட்டு ரெண்டாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கை ஒரு அறையிலை எழுபத்தைஞ்சு வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. நல்ல கறுப்பு. வெள்ளை முடி, சுருள் சுருளா. பாரிசவாதம் அடிச்சு ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. அதுக்குப் பிறகு அவவுக்கு இங்கிலிஷ் எப்பவாவது ஒருக்கால்தான் வருதாம். மற்ற நேரம் எல்லாம் தன்ரை பாசையிலைதான் கதைக்கிறாவாம்.

"உன்ரை நாட்டுக்காரிதான்" எண்டு சூப்பவைசர் ஃபைலைத் திறந்து காட்டினா. பிறந்த இடம் எண்டதுக்கு நேரே சிலோன் எண்டு இருந்தது. "என்ன சொல்லுறா எண்டு கேட்டுச் சொல்லு."

நான் குனிஞ்சு காதைக் குடுத்தன். அது தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை. சிங்களம் எனக்குக் கதைக்க வராது, ஆனால் ஆமிக்காரன் கதைச்சுக் கேட்ட பாசை, எங்கை கேட்டாலும் என்ரை முதுகுக்குத் தெரியும். இது வேறை என்னவோ. சொல்லின்ரை தொடக்கத்திலையே 'ங' எண்டு மூக்காலை வருது. ஒரு சொல்லும் விளங்கேல்லை. சூப்பவைசர் பேனையைத் திறந்து வச்சுக்கொண்டு என்னையே பாத்தா.

"தண்ணி கேக்கிறா" எண்டன்.

ஏன் அப்பிடிச் சொன்னன்? அந்த மனிசியின்ரை சொண்டு காஞ்சு வெடிச்சிருந்தது. கண்டது அவ்வளவுதான். தண்ணியைக் குடுத்தால், நாசமாப் போக, அவ முழுக் கோப்பையையும் குடிச்சு முடிச்சா. சூப்பவைசர் சந்தோசமா ஃபைலிலை எழுதினா. அண்டையிலை இருந்து நான் அந்த அம்மாவின்ரை மொழிபெயர்ப்பாளர்.

வீட்டை வந்து மனிசனுக்குச் சொன்னன். அவர் சிரிச்சார். "உனக்குத்தான் என்ரை பாசையே விளங்கிறேல்லை. உதுக்குள்ளை மொழிபெயர்க்கப் போயிட்டியோ" எண்டார். பிறகு என்ரை முகத்தைப் பாத்திட்டுச் சிரிப்பை விட்டிட்டு, "கேஸ் முடியுமட்டும் வாயைத் துறக்காதை. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" எண்டார்.

நான் அப்பிடியே இருந்தன். டொக்டர் வந்தால் என்னைக் கூப்பிடுவினம். நோகுதோ எண்டு கேக்கச் சொல்லுவார். நான் தமிழிலை "அம்மா, எங்கை நோகுது" எண்டு கேப்பன். அவ என்ரை வாயைப் பாத்துக்கொண்டிருப்பா. நான் அவவின்ரை முகத்தைப் பாத்து, கை எங்கை போகுது எண்டு பாத்து, இடுப்பு நோகுதாம், குளிருதாம் எண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லுவன். ஒருக்கால் குளிருதாம் எண்டு சொல்லி ரெண்டு கம்பளி போடுவிச்சன். பின்னேரம் பாத்தால் காய்ச்சல், உடம்பு கொதிக்குது. ஓடிப்போய்க் கம்பளியை இழுத்து எறிஞ்சன். இந்த மனிசி என்ரை பொய்யாலை செத்துப்போனால் நான் என்ன செய்வன்? அதோடை இன்னொரு பயம். என்ரை கேஸிலை எனக்கு மொழிபெயர்க்க வாற ஆளும் என்னைப் போலை ஒரு ஆளா இருந்தால்? 

ஆனால் பாசை தெரியாமலே அவவைப் பற்றி ஒண்டு எனக்கு விளங்கினது. அவ பயந்துபோய் இருந்தா. என்னைப் போலை இல்லை, என்னிலும் பத்து மடங்கு. கதவு சாத்தியிருந்தால்தான் அந்தப் பாசை வரும், அதுவும் குசுகுசுவெண்டு. அறைக்கு வெளியாலை நடை ஓடையிலை சப்பாத்துச் சத்தம் கேட்டால் டக்கெண்டு நிண்டுபோகும். ஒருநாள் ஜன்னலுக்குக் கிட்ட சக்கரக் கதிரையிலை அவவை வச்சுச் சீப்பாலை தலை இழுத்துக்கொண்டு நிண்டன். கீழை ஒரு பெரிய கறுப்புக் கார் வந்து நிண்டது. யாரோ ஒருத்தரின்ரை மகன், தாயைப் பாக்க வந்தவன். இவ "மானாஜ்" எண்டா. சொல்லிக்கொண்டே நல்ல கையாலை என்ரை பிடரியைப் பிடிச்சுத் தன்ரை மடிக்குள்ளை அமத்தினா. என்ன பலம் அந்தக் கைக்கு. நான் முழங்காலிலை விழுந்து, மூச்சுக் காட்டாமல் அப்பிடியே கிடந்தன். ஆமியின்ரை ஹெலி சுத்தேக்கை பங்கருக்குள்ளை அம்மா என்ரை தலையை அப்பிடித்தான் அமத்துவா. ஒரு பிள்ளையை ஒளிக்கிற கை அது. எதுக்கு எண்டுதான் தெரியேல்லை. அந்தக் கார் திரும்பிப் போகுமட்டும் ரெண்டு பேரும் அசையேல்லை. ரொறன்ரோவிலை, பட்டப்பகலிலை, ஒரு விசிட்டரின்ரை காருக்கு.

அவவுக்கு ஒரு மகள் இருந்தா. ஐம்பது வயசு வரும், தாயைப் போலை இல்லை, பாத்தால் வெள்ளைக்காரி எண்டுதான் சொல்லுவியள். ஒவ்வொரு ஞாயிறும் நீளக் கோட்டும் தோல் பையுமா வேறை ஊரிலை இருந்து பஸ் பிடிச்சு வருவா. தகப்பன் கனேடியன், கப்பலிலை வேலை செய்தவர், எப்பவோ செத்துப்போனார். தாய் சிலோனிலை இருந்து அவுஸ்திரேலியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவவாம். அங்கைதான் கலியாணம். அங்கைதான் இந்த மகளும் பிறந்தவ. மூண்டு வயசிலை இஞ்சை வந்திட்டினம். அவவுக்குத் தெரிஞ்ச கதை அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு அவ என்னைச் சாப்பாட்டு அறைக்கு வெளியாலை பிடிச்சு நிப்பாட்டினா. "சின்னனிலை ஒருக்கால் அம்மாவைக் கேட்டனான், உங்கடை பாசையிலை எனக்கு ஒரு சொல் சொல்லித் தாங்கோ எண்டு. கன்னத்திலை அறைஞ்சவ. வாழ்க்கையிலை அடிச்சது அந்த ஒருநாள்தான்" எண்டா. டொக்டர் இன்னும் ஒண்டு ரெண்டு மாசம்தான் எண்டு சொல்லிப்போட்டார். தாய் இப்பவெல்லாம் தன்னை ஆர் எண்டே தெரியாமல் பாக்கிறாவாம். அவவின்ரை பாசையிலை கதைச்சால் தெரியுமோ எண்டு ஒரு ஆசை. "நான் உங்கடை மகள் எண்டு சொல்ல வேணும். எனக்குப் படிப்பியுங்கோ. அவ போக முதல் ஒருக்கால் என்னை மகள் எண்டு பாத்தால் போதும்."

அப்பவாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் துறந்தனான். ஆனால் பின்னாலை சூப்பவைசர் நிண்டவ. "ஓ, இவ வடிவாப் படிப்பிப்பா" எண்டு என்ரை தோளிலை தட்டிப்போட்டுப் போனா. நான் ஓம் எண்டன்.

படிப்பிச்சன். தமிழைப் படிப்பிச்சன். "அம்மா, நான் உங்கடை மகள். பயப்பிடாதேங்கோ. நான் உங்களோடை இருக்கிறன்." அவ அதை இங்கிலிஷ் எழுத்திலை ஒரு தாளிலை எழுதி, பிரவுண் ஃபைல் ஒண்டுக்குள்ளை வச்சுக்கொண்டா. மூண்டு கிழமை பஸ்ஸிலை போகவர அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினவவாம். 'ள' வராத வாயாலை அந்த மூண்டு வரியையும் எங்கடை சனத்திலும் வடிவாச் சொன்னா.  சத்தியமாச் சொல்லுறன், அந்த மூண்டு கிழமையும் நான் மகள் அதைச் சொல்லப்போற ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அந்தக் கிழவி செத்துப்போக வேணும் எண்டு கும்பிட்டனான். அப்பிடிப்பட்ட சீவன் நான்.

அந்த ஞாயிறு வந்தது. நான் தலைமாட்டிலை நிண்டன். மகள் கோட்டோடையே கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஃபைலைத் திறந்து, ஒருக்கால் தாளைப் பாத்து, ஒருக்கால் தாயைப் பாத்துச் சொன்னா. "அம்மா. நான் உங்கடை மகள்."

தாய் அவவைப் பாத்தா. பிறகு ஃபைலைப் பாத்தா.  கன நாளா வராத இங்கிலிஷ் அண்டைக்கு வந்தது, தெளிவா, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரி.

"இஞ்சை பிள்ளையள் இல்லை, மிஸ்ஸிஸ். எனக்குப் பிள்ளை இல்லை."

மகளுக்கு விளங்கேல்லை. மற்ற ரெண்டு வரியையும் சொன்னா. தாய் கட்டிலிலை பின்னுக்குப் பின்னுக்கு அரைஞ்சு சுவரோடை ஒட்டி, "பிள்ளையள் ஒருத்தரும் இல்லை, மிஸ்ஸிஸ், நீங்கள் வடிவாத் தேடிப் பாருங்கோ" எண்டு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தா. படுக்கை நனைஞ்சு போச்சு. பயத்திலை.

நான் மகளை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாத்தையும் சொன்னன். அது உங்கடை அம்மாவின்ரை பாசை இல்லை. என்ரை பாசை. அவவின்ரை பாசை என்னெண்டு எனக்குத் தெரியாது. முதல் நாளிலை இருந்தே தெரியாது. கனடாவிலை நான் முதல் முதல்லை தெரியாது எண்டு சொன்னது அண்டைக்குத்தான். அவ என்னைத் திட்டேல்லை. அடிச்சிருந்தால் நல்லா இருந்திருக்கும். அந்தத் தாளை நாலா மடிச்சுப் பைக்குள்ளை வச்சா, போயிட்டா.

திங்கள், செவ்வாய் எண்டு ஒவ்வொரு நாளும் நான் கடிதம் வரும், கூப்பிடுவினம் எண்டு காத்திருந்தன்.  ஒண்டும் வரேல்லை. ரெண்டு கிழமையால மகள்தான் வந்தா, நேரே என்னட்டை. வெளியிலை, மரத்துக்குக் கீழை இருந்த வாங்கிலை என்னை இருத்தினா. ஏன் எனக்குச் சொன்னவ எண்டு இண்டைக்கும் தெரியாது. சொல்லுறதுக்கு அவவுக்கு வேறை ஆள் இல்லைப் போலை.

தாயின்ரை வீட்டு அலுமாரிக்குள்ளை, சீலைத் துண்டிலை சுத்தின ஒரு அட்டை இருந்திருக்கு. தாயின்ரை சின்ன வயசுப் படம் ஒட்டினது. மேற்கு அவுஸ்திரேலிய அரசாங்கம் குடுத்த அட்டை. சிலோனும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை, கறுப்புத் தோலுக்குச் சொன்ன சாட்டு அது. அவ அந்த மண்ணின்ரை பழைய சனம், தென்மேற்கு மூலையிலை இருக்கிற நூங்கார் ஆக்கள். அந்தப் பாசைக்கும் அதுதான் பேர். மகள் அந்த ஊர் ரெலிபோன் இலக்கம் எல்லாம் தேடி எடுத்து, கடைசியிலை அதே ஊரைச் சேர்ந்த ஒரு வயசுபோன பெண்ணோடை கதைச்சிருக்கிறா.

அந்தப் பெண் சொன்னாவாம். அந்தக் காலத்திலை அரசாங்கக் கந்தோர்க்காரர் ஃபைலோடை காரிலை வருவினமாம். வெள்ளை கலந்து பிறந்த பிள்ளையள் எண்டால் கொண்டுபோக. காரைக் கண்டால் தாய்மார் பிள்ளையளைப் பத்தைக்குள்ளை ஒளிச்சு, வெள்ளை தெரியாமல் இருக்கக் கரி பூசி விடுவினமாம். கொண்டுபோன இடத்திலை தங்கடை பாசை கதைச்சால் அடி. மானாஜ் எண்டது ஒரு கறுப்புக் கிளியின்ரை பேர், பொலிசுக்கும் அதைத்தான் சொல்லுறவையாம். அந்த அட்டையை எடுத்தால் வெள்ளைக்காரரைப் போலை இருக்கலாம். ஆனால் சொந்தச் சனத்தோடை சேரக்கூடாது, பழையபடி இருக்கிறாய் எண்டு கண்டால் பறிச்சுப்போடுவாங்கள். "இப்பவும் நாங்கள் கதைக்கிறனாங்கள்தான்" எண்டு அந்தப் பெண் சொன்னாவாம். "வயசு போனவை கதவைச் சாத்திப்போட்டு மெல்லமாத்தான் கதைப்பினம். ஒருத்தரும் தடுக்கேல்லை இப்ப. ஆனால் தொண்டைக்கு அது தெரியாது."

மகள் அவவிட்டை ஒரு சொல் கேட்டுப் பழகிக்கொண்டு வந்திருந்தா. ஙாங்க். அம்மா எண்டு அர்த்தம். எனக்கும் சொல்லிக் காட்டினா. "இது சரியான பாசை" எண்டா. குத்திச் சொன்னதில்லை, ஆனாலும் எனக்குக் குத்தினது. "ஃபைலிலை சிலோன் எண்டே இருக்கட்டும். மாத்தினால் அவ பயப்பிடுவா. நீங்களும் ஒண்டும் சொல்ல வேண்டாம்" எண்டா. என்னைக் காப்பாத்த அவ அதைச் சொல்லேல்லை. எண்டாலும் நான் தப்பினன்.

மேலை போனம். இந்த முறை அவ கோட்டைக் கழட்டினா. அதையும் ஃபைலையும் பையையும் நிலத்திலை வச்சா. கதவை நான் சாத்தினன். தாயின்ரை கையைப் பிடிச்சு, கிட்டக் குனிஞ்சு, மெல்லமா, "ஙாங்க்" எண்டா.

தாயின்ரை கண் விரிஞ்சது. ஒரு நிமிசம் எனக்கு நெஞ்சு நிறைஞ்சது, விளங்கிப்போட்டுது எண்டு. அவ கதவைப் பாத்தா, ஜன்னலைப் பாத்தா, என்னைப் பாத்தா. பிறகு கையை இழுத்துக்கொண்டு இங்கிலிஷிலை சொன்னா.

"நான் அந்தப் பாசை கதைக்கிறேல்லை, மிஸ்ஸிஸ். எனக்குத் தெரியாது. என்னட்டைக் கடுதாசி இருக்கு. காட்டுறன்."

நல்ல கையாலை தலைகணிக்குக் கீழை தேடத் தொடங்கினா.  போர்வையை இழுத்துத் தேடினா, மெத்தைக்குக் கீழை தேடினா. இருக்கு மிஸ்ஸிஸ், இஞ்சைதான் வச்சனான், பொறுங்கோ. தன்னைப் பிடிக்க வந்தவள் தன்ரை பாசையைப் படிச்சுக்கொண்டு வந்திருக்கிறாள் எண்டுதான் அந்த மனிசி நினைச்சவ. மகள் என்னைப் பாத்தா. மொழிபெயர்க்க என்ன இருக்கு? 

மகள் எழும்பினா. கொஞ்ச நேரம் தாய் தேடுறதைப் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு நிலத்திலை கிடந்த கோட்டை எடுத்துப் போட்டா. ஃபைலை எடுத்துத் திறந்தா, பேனையை எடுத்தா. கந்தோர்க்காரர் கதைக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது அவவுக்கு, எங்கையிருந்து வந்ததோ.

"உங்கடை கடுதாசியைப் பாத்திட்டன். எல்லாம் சரி. வீடு முழுக்கத் தேடிப் பாத்தன். இஞ்சை பிள்ளையள் ஒருத்தரும் இல்லை எண்டு எழுதிறன். இனிமேல் ஒருத்தரும் வர மாட்டினம்."

எழுதினா. உண்மையாவே ஏதோ எழுதினா.

"நன்றி, மிஸ்ஸிஸ்" எண்டா தாய். தேடுற கை நிண்டது. அவ்வளவு மாசத்திலை அந்தத் தோள் ரெண்டும் கீழை இறங்கினதை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

மகள் ஃபைலைச் சாத்திப்போட்டு வாசலுக்குப் போனா. தாய் விரலாலை என்னைக் கிட்ட வரச் சொன்னா. குனிஞ்சன். கண் ரெண்டும் மினுங்க, வாய் கொள்ளாத சிரிப்போடை, இங்கிலிஷிலை குசுகுசுத்தா. ஆனால் அந்தச் சந்தோசத்திலை குசுகுசுப்புச் சத்தமாத்தான் வந்தது.

"அவளுக்கு என்ரை பிள்ளையைக் கண்டுபிடிக்கேலாமல் போச்சு."

மகள் வாசலிலை நிண்டு கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தா. கேட்டது அவவுக்கு. திரும்பிப் பாக்கேல்லை. அடுத்த ஞாயிறும் வந்தா, அதுக்கு அடுத்த ஞாயிறும் வந்தா, தாய் கண்ணை மூடுமட்டும் வந்தா, கோட்டைக் கழட்டாமல்.